ஜவ்வாது மலையடிவாரம் – 14: ஆற்காட்டு வைரங்களும் ஒரு ஜெர்மன் இளவரசியும்

போன அத்தியாயத்தை ஆம்பூரில் நிறுத்தியிருந்தோம். 1749 ஆகஸ்ட் 3. ஜவ்வாது மலையின் வடசரிவுக்கு அப்பால், பாலாற்றுப் பள்ளத்தாக்கில், ஆற்காட்டு நவாப் அன்வருதீன் கான் யானைமேல் இருந்தபடியே குண்டடிபட்டு இறந்தார். நவாப் பட்டத்துக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபும், நிஜாம் பட்டத்துக்குப் போட்டியிட்ட முசாபர் ஜங்கும், பிரெஞ்சுக்காரரும் கைகோத்து நடத்திய சண்டை அது. மூத்த மகன் மாபூஸ் கான் சிறைப்பட்டார். இன்னொரு மகன் முகமது அலி தப்பிப்போய்த் திருச்சிராப்பள்ளிக் கோட்டைக்குள் புகுந்துகொண்டார். கையில் நாடு இல்லை, கஜானா இல்லை. தகப்பனுடைய பட்டம் தனக்கே வரவேண்டும் என்ற பிடிவாதம் மட்டும் இருந்தது.

அதே முகமது அலிதான் பிற்காலத்தில் இங்கிலாந்து அரசி சார்லட்டுக்கு வைரங்கள் அனுப்பினார். ஆம்பூரில் அநாதையாக நின்றவர், கடல் கடந்து இருக்கும் ஓர் அரசியின் மனத்தைத் தொட நினைத்தது ஏன்? அதற்கான பணம் எந்த மண்ணிலிருந்து வந்தது? இதைச் சொல்ல மலையைவிட்டு வெகுதூரம் போக வேண்டியிருக்கிறது. வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். திரும்பிச் செங்கத்துக்கே வந்துவிடுவோம்.

சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தின் உருவப்படக் கூடத்தில் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் படமும் அவர் மனைவி சார்லட்டின் படமும் இருக்கின்றன. 1795-இல் கட்டிய கட்டடம் அது. 1948 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. பீங்கான் தட்டுகளையும் பீரங்கிகளையும் பார்த்துவிட்டு மாடிக்கு வருகிற பள்ளிப் பிள்ளைகள் இந்தப் படங்களைக் கடந்து ஓடிவிடுவார்கள். பெரியவர்களும் நின்று பார்ப்பதில்லை. யாரோ வெள்ளைக்கார ராணி, அவ்வளவுதான். ஆனால் ஆற்காட்டுச் சீமையின் சரித்திரத்தில் இந்தப் பெண்ணுக்கு ஓர் இடம் இருக்கிறது. அவளுடைய நகைப்பெட்டிக்கு அதைவிடப் பெரிய இடம்.

சோஃபி சார்லட் 1744 மே 19-ஆம் தேதி வட ஜெர்மனியில், மிரோ என்ற சிற்றூரின் மாளிகையில் பிறந்தாள். மெக்லன்பர்க்-ஸ்ட்ரேலிட்ஸ் என்பது அந்தச் சமஸ்தானத்தின் பெயர். ஏரியும் காடும் வயலுமான சின்னஞ்சிறு நாடு. நம் பாளையப்பட்டுகளை மனத்தில் வைத்துக்கொண்டால் அளவு பிடிபடும். தகப்பனார் 1752-இல் இறந்தார். 1761-இல், திருமணப் பேச்சு நடந்துகொண்டிருந்த கோடையிலேயே, தாயாரும் போய்விட்டார். அந்த ஆண்டு ஆகஸ்டில் பதினேழு வயதுப் பெண்ணை இங்கிலாந்துக் கப்பலில் ஏற்றினார்கள். வழியெல்லாம் புயல். செப்டம்பர் 7-ஆம் தேதி ஹார்விச் துறையில் இறங்கினாள், மறுநாள் பிற்பகல் லண்டனில் தன் கணவனை முதன்முதலாகப் பார்த்தாள், அன்றிரவே கல்யாணம். ஆங்கிலம் தெரியாது. இரண்டு வாரத்தில், செப்டம்பர் 22-ஆம் தேதி, முடிசூட்டு விழாவும் நடந்து முடிந்தது.

புறப்படுமுன்பே அவளை ஒருவர் வரைந்திருந்தார். ஹானோவர் அரசவை ஓவியர் யோஹான் கியோர்க் சீசெனிஸ். ஐரோப்பிய அரச குடும்பங்களில் பெண் பார்க்கும் படலம் பாதி ஓவியர்கள் கையில்தான் இருந்தது. முகத்துக்கு முன்னால் படம் போய்ச் சேரும். சீசெனிஸின் கை, ரொக்கோகோ பாணியில் பழகிய கை. பதினெட்டாம் நூற்றாண்டின் முதல் பாதியில் பாரிஸில் தோன்றி, ஜெர்மன் சமஸ்தானங்கள் அத்தனையிலும் பரவிய பாணி அது. கனத்த நிழலும் கடுமையான பாவமும் விலகி, இளநீலமும் வெளிர் ரோசாவும் முத்தின் சாம்பலும் வந்து உட்கார்ந்த காலம். பட்டு மடிப்பில் ஒளி வழியும். பின்னல் சரிகையின் ஒவ்வொரு கண்ணியும் தெரியும். முகத்தில் லேசான புன்னகை இருக்கும், துக்கம் இருக்காது. தாயை இழந்து சில வாரமே ஆன பெண்ணாக இருந்தாலும் படத்தில் துக்கம் கூடாது என்பதே அந்தப் பாணியின் சட்டம்.

இந்தச் சட்டத்தை நான் குறையாகச் சொல்லவில்லை. அரசவை உருவப்படம் ஒரு மனுஷியைப் பதிவு செய்வதற்காக வரையப்படுவதில்லை. ஓர் அரசு தன்னைக் காட்டிக்கொள்வதற்காக வரையப்படுகிறது. முகம் அதற்கு ஒரு காரணம் மட்டுமே. துணியும் நகையும்தான் பேசும். ஓவியர்களுக்கு வைரம் எப்போதுமே சோதனை. அதற்கென்று நிறம் கிடையாது. சாம்பலும் கருப்பும் தீட்டி, அதன்மேல் ஈய வெள்ளையில் சரியான இடத்தில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். அந்தப் புள்ளி மயிரிழை தவறினால் வைரம் கண்ணாடியாகிவிடும். ஜார்ஜ் மன்னர் கல்யாணப் பரிசாகக் கொடுத்த வைர மார்புப் பதக்கத்தை 60,000 பவுண்டு மதிப்புள்ளது என்று அன்றைக்கு லண்டனில் பேசிக்கொண்டார்கள். அதை வரைந்த தூரிகைகளுக்கு அத்தனை புள்ளிகள் வேலை இருந்தது.

முடிசூட்டுக் கோலத்தில் அரசனையும் அரசியையும் வரையும் பொறுப்பு ஸ்காட்லாந்துக்காரரான ஆலன் ராம்சேக்குக் கிடைத்தது. ஆளுயரப் படங்கள். எர்மின் மென்மயிர் அங்கி, தங்க ஆடை, பக்கத்தில் கிரீடம். இந்த ஜோடிப் படங்களுக்கு இருந்த கிராக்கியைக் கேட்டால் மலைப்பாக இருக்கும். தூதுவர்கள், கவர்னர்கள், நட்பு அரசர்கள் எல்லாருக்கும் ஒரு ஜோடி வேண்டும். ராம்சேயின் பட்டறையில் நூற்றுக்கும் மேற்பட்ட பிரதிகள் தயாராயின. பிலிப் ரைனேகிள், டேவிட் மார்ட்டின் போன்ற உதவியாளர்கள் ஆண்டுக்கணக்கில் அதே அங்கியையும் அதே கிரீடத்தையும் வரைந்தார்கள். 1773-இல் ஏணியிலிருந்து விழுந்து ராம்சேயின் வலக்கை கெட்டுப்போன பிறகும் பட்டறை நின்றுவிடவில்லை. மன்னர் தம் அரண்மனையில் இருந்தார். அவருடைய உருவம் உலகமெங்கும் கொலுவீற்றிருந்தது. சென்னையில் கவர்னர்களின் விருந்து மண்டபமாக இருந்த இன்றைய ராஜாஜி மண்டபத்தின் சுவர்களும் இப்படிப்பட்ட பெரிய உருவப்படங்களுக்காகவே உயர்த்திக் கட்டப்பட்டவை போலத்தான் இருக்கும்.

இந்தக் கொலுவின் அர்த்தத்தை இந்தியாவில் மற்ற எவரையும்விட முன்னால் புரிந்துகொண்டவர் முகமது அலி. அவரை ஆங்கிலேயரின் கைப்பாவை என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். அவர் மூளை அப்படி எளிதில் முடிந்துபோகிற மூளை அல்ல.

அவர் கணக்கு இதுதான். 1763 பாரிஸ் உடன்படிக்கையின் 11-ஆம் பிரிவு, கர்நாடக நவாப் என்று அவர் பெயரைச் சொல்லி அங்கீகரிக்கிறது. அதில் கையெழுத்திட்டது கிழக்கிந்தியக் கம்பெனி அல்ல. பிரிட்டன், பிரான்ஸ் முடியரசுகள். 1765-இல் தில்லிப் பாதுஷா ஷா ஆலம் அவருக்கு வாலாஜா என்ற பட்டமும், ஹைதராபாத் நிஜாமுக்குக் கட்டுப்படாத உரிமையும் கொடுத்தார். ஆக, தான் ஓர் அரசன். ஜார்ஜும் ஓர் அரசன். நடுவில் இந்த வியாபாரிகள் யார்? சேப்பாக்கத்தில் 1768-இல் அரண்மனை கட்டி, கம்பெனிக் கோட்டைக்குக் கூப்பிடு தூரத்தில் குடியேறினார். அதே சமயம் லண்டனுக்குத் தம் ஆட்களை அனுப்பிக் கம்பெனிக்கு மேலே இருக்கிற கதவைத் தட்ட ஆரம்பித்தார். 1768-இல் ஜான் மக்பெர்சன், பிற்பாடு லாக்லின் மக்லீன். 1770-இல் கடற்படை அதிகாரி சர் ஜான் லிண்ட்சே மன்னரின் கடிதத்தோடு சென்னை வந்து இறங்கியபோது கம்பெனி ஆலோசனை சபைக்கு வயிறு எரிந்தது. நவாபுக்கு உச்சி குளிர்ந்தது.

கடிதம் மட்டும் போதாது, உருவமும் போக வேண்டும் என்று அவர் கண்டுகொண்டார். 1769-இல் டில்லி கெட்டில் சென்னையில் வந்து இறங்கினார். இந்தியாவில் தொழில் நடத்த வந்த முதல் தேர்ந்த ஆங்கிலேய ஓவியர் அவர். அவருக்கு நவாப் அமர்ந்தார், தம் மக்களையும் அமரவைத்தார். 1774-இல் ஜார்ஜ் வில்லிசன் வந்தார். அவரும் நவாபைத் திரும்பத் திரும்ப வரைந்தார். வெள்ளை மஸ்லின் ஜாமா, முத்துச் சரங்கள், கையில் வாள். அந்தப் படங்கள் கம்பெனி இயக்குநர்களுக்கும் மன்னருக்கும் அனுப்பிவைக்கப்பட்டன. ராம்சேயின் பட்டறை ஜார்ஜுக்கும் சார்லட்டுக்கும் செய்ததை நவாப் தமக்குத் தாமே செய்துகொண்டார். துணியைக் கவனியுங்கள்: இந்த மெல்லிய மஸ்லினின் ஒளியை வரையும் வித்தையும், ஸ்ட்ரேலிட்ஸ் இளவரசியின் பட்டை வரையும் வித்தையும் ஒன்றே. ஆற்காட்டு நவாப் ஓர் ஐரோப்பிய அரசவைப் படத்துக்குள் தம்மை நிறுத்திக்கொண்டார்.

இத்தனைக்கும் கீழே மலையடிவாரத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது?

1767 செப்டம்பர் தொடக்கத்தில் செங்கத்தில் சண்டை. மைசூரின் ஹைதர் அலியும் நிஜாமும் ஒரு பக்கம். கர்னல் ஜோசப் ஸ்மித்தின் கம்பெனிப் படை மறுபக்கம். ஸ்மித் ஜெயித்தார், ஆனால் அரிசி மூட்டைகளை எதிரிக் குதிரைப்படை அடித்துக்கொண்டு போய்விட்டது. திருவண்ணாமலையில் தானியம் சேர்த்து வைத்திருப்பதாக நவாப் வாக்குக் கொடுத்திருந்தார். பசியோடு நடந்து போய்ப் பார்த்தால் அங்கே ஒன்றும் இல்லை. அந்த மாதக் கடைசியில் திருவண்ணாமலையில் இன்னொரு சண்டை. நவம்பரில் ஹைதர் ஆம்பூர் மலைக்கோட்டையை முற்றுகையிட்டார். டிசம்பரில் ஸ்மித் வந்து மீட்டார். மலையைச் சுற்றி ஒரு முழு வட்டம் படைகள் ஓடியிருக்கின்றன. 1769 ஏப்ரலில் ஹைதர் பரங்கிமலை வரை வந்து, கம்பெனியை உடன்படிக்கைக்குப் பணியவைத்தார். கெட்டில் சென்னையில் தூரிகையை எடுத்த ஆண்டும் அதுவே.

இந்தச் சண்டைகளின் செலவைக் கம்பெனி நவாப் பேரில் எழுதியது. நவாப் கடன் வாங்கினார். கம்பெனியிடம் வாங்கியது ஒரு பங்கு. கம்பெனி ஊழியர்களிடம் தனித்தனியாக வாங்கியது பல பங்கு. ஆரம்பத்தில் வட்டி 36 சதவீதம் வரை போயிற்று. அடமானம்? ஊர்களின் வரி வசூல். இன்ன சீமையின் தண்டல் இன்ன துரைக்கு என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட வேண்டியது. குத்தகைதாரர் தவணை கட்ட முடியாமல் சவுகாரிடம் போவார். சவுகாருக்குப் பின்னால் இன்னொரு துரை நிற்பார். கடைசியில் எல்லாக் கையும் களத்துமேட்டில் குவிந்திருக்கும் நெல்மேல்தான் வந்து விழும்.

ஜவ்வாது மலையைத் தெரிந்தவர்களுக்கு இந்த நெல் எங்கிருந்து விளைகிறது என்று தெரியும். மேலே சாமையும் தேனும். அங்கே பெய்கிற மழை செய்யாறாகவும் கமண்டல நாகநதியாகவும் இறங்கிச் செங்கம், போளூர், ஆரணிப் பக்கத்து ஏரிகளை நிரப்புகிறது. ஏரி நிரம்பினால் போகம். ஏரிக்கரையை ஆண்டுதோறும் பார்த்துச் செப்பனிட வேண்டும். மதகைப் பழுது பார்க்க வேண்டும். அதற்கு அரசாங்கத்தின் பங்கு வந்தாக வேண்டும். வசூல் முழுவதும் கடன்காரருக்குப் போகிற நாட்டில் ஏரிக்கு எதை எடுத்து வைப்பது? நான் சொல்வது இன்றைய ஞானம் அல்ல. 1785 பிப்ரவரி 28-ஆம் தேதி எட்மண்ட் பர்க் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஆற்காட்டு நவாபின் கடன்கள் பற்றிப் பேசிய நெடிய உரையில் இதையே பேசினார். கர்நாடகத்திலும் தஞ்சையிலும் சேர்த்துப் பெரியதும் நடுத்தரமுமான ஏரிகள் பத்தாயிரத்துக்குக் குறையாது என்றும், பணம் போக வேண்டிய இடம் அவைதான் என்றும் வாதாடினார். தமிழ்நாட்டு ஏரிகளுக்காக லண்டனில் ஒருவர் அவ்வளவு நேரம் பேசியிருக்கிறார் என்பது என்னை இன்றும் நெகிழவைக்கிறது.

1777-க்கு வருவோம். ஆற்காட்டு வைரங்கள் சார்லட்டுக்குக் கொடுக்கப்பட்டதாக வழக்கமாகக் குறிப்பிடப்படும் ஆண்டு இது. பேரிக்காய் வடிவ வைரங்கள் இரண்டு. 33.70 காரட், 23.65 காரட். சில ஏலப் பட்டியல்களும் வைர நூல்களும் கொடுத்தவர் பெயரை அசீமுத்தவுலா என்று எழுதுகின்றன. அது பொருந்தாது. அசீமுத்தவுலாவைக் கம்பெனி நவாபாக்கியது 1801-இல். அப்போது அதிகாரம் முழுவதையும் கம்பெனி எடுத்துக்கொண்டிருந்தது. 1777-இல் ஆற்காட்டு நவாப் வாலாஜா ஒருவரே.

அந்த ஆண்டில் நடந்தவற்றை வரிசையாக அடுக்கினால் பரிசின் நோக்கம் விளங்கும். முந்தின ஆண்டு ஆகஸ்டில் சென்னைக் கவர்னர் பிகட்டை அவருடைய சொந்த ஆலோசனை சபையே கைது செய்தது. நவாப் பிடித்து வைத்திருந்த தஞ்சாவூரை அதன் ராஜாவுக்குத் திருப்பிக் கொடுத்தது, தஞ்சாவூர் வருவாயின்மேல் கம்பெனி ஊழியர் பால் பென்ஃபீல்டு கொண்டாடிய 2,34,000 பவுண்டு கடனை மறுத்தது, இரண்டும் தகராறின் வேர். 1777 மே மாதம் பிகட் காவலிலேயே இறந்தார். லண்டனில் பெரும் கூச்சல். நவாபின் பெயர் அந்தக் கூச்சலின் நடுவில் இருந்தது. அதே ஆண்டு சென்னையில் மூன்று ஆங்கிலேயர் நவாபின் குதிரைப்படைக்குச் சம்பளப் பாக்கி தீர்த்துவைப்பதாகச் சொல்லி 1,60,000 பவுண்டுக் கடனை அவர் தலையில் எழுதினார்கள். ஈடாக வரி வசூல் சீட்டுகளை வாங்கிக்கொண்டார்கள். குதிரைவீரர்களோ சம்பளம் கண்ணில் காணாமல் இரண்டு வருஷத்துக்கு மேல் காத்திருந்தார்கள். இன்னும் பெரிய தொகையாக வேறு பல கடன்களைத் திரட்டி ஒன்றாக்கிய 'ஒருங்கிணைந்த கடன்' எழுதப்பட்டதும் 1777-இல்தான்.

மன்னருக்குக் கடிதம், இயக்குநர்களுக்கு உருவப்படம், அரசிக்கு வைரம். மூன்றையும் ஒரே மனுவின் மூன்று பக்கங்களாகத்தான் நான் வாசிக்கிறேன். அரசியின் நகையாக ஆகிவிட்டால் அந்தக் கல் அரண்மனைக்குள் இருக்கும், விருந்துகளில் மின்னும், யார் கொடுத்தது என்று யாராவது கேட்பார்கள். ஆளுயரப் படத்தை நிலவறைக்கு அனுப்பிவிடலாம். காதில் தொங்குவதை அப்படிச் செய்ய முடியாது.

இந்தக் கற்கள் நம் மலையில் கிடைத்தவை அல்ல என்பதைச் சொல்லிவிட வேண்டும். பிரேசிலில் வைரம் கண்டுபிடிக்கப்பட்டது 1720-களில். அதுவரை உலகின் வைரம் பெரும்பாலும் கிருஷ்ணா நதிப் படுகையிலிருந்து, கோல்கொண்டா என்ற பெயரில் வந்தது. சென்னை அதன் ஏற்றுமதித் துறைகளில் ஒன்று. ஐரோப்பாவிலிருந்து யூத வணிகர்கள் பவளம் கொண்டுவந்து கொடுத்து வைரம் வாங்கிப் போனார்கள். ஜார்ஜ் டவுனின் பவளக்காரத் தெரு அவர்கள் நினைவைத் தாங்கி நிற்கிறது. நவாபின் வைரங்களும் இந்தச் சந்தையைச் சேர்ந்தவையாகவே இருக்க வேண்டும். போளூர்க் களத்து நெல்லுக்கும் அந்த இரண்டு கல்லுக்கும் நேர் ரசீது எதுவும் இல்லை. ஆனால் நவாபுக்கு வேறு சுரங்கம் இல்லை. அவர் கஜானாவில் விழுந்த ஒவ்வொரு வராகனும் கர்நாடகத்து நிலவரியாகவோ, அந்த வரியைக் காட்டி வாங்கிய கடனாகவோ வந்தது.

இன்னொரு ஜெர்மன் பெண்ணும் இந்தக் கதைக்குள் வருகிறாள். நியூரம்பெர்க்கில் 1747-இல் பிறந்த அன்னா மரியா அப்பலோனியா சப்பூசே. கணவர் கார்ல் ஃபொன் இம்ஹாஃப் பிரபு, பட்டாளத்தைவிட்டு வந்தவர், சிறுபடம் வரையத் தெரிந்தவர். சார்லட்டின் அரண்மனையிலிருந்த ஜெர்மன் தொடர்புகள் மூலமாக அவருக்குச் சென்னைப் படையில் ஓர் இடம் கிடைத்தது. 1769 மார்ச்சில் டியூக் ஆஃப் கிராஃப்டன் கப்பலில் இருவரும் புறப்பட்டார்கள். அதே கப்பலில், சென்னை ஆலோசனை சபையில் இரண்டாம் இடத்துக்கு நியமனம் பெற்று, பின்னாளில் கவர்னர் ஜெனரலான வாரன் ஹேஸ்டிங்ஸ் வந்தார். வழியில் அவர் நோயில் விழுந்தபோது பணிவிடை செய்தவள் இந்தப் பெண். சென்னைக்கு வந்ததும் இம்ஹாஃப் பட்டாள வேலையை உதறிவிட்டுச் சிறுபடம் வரைந்து பிழைத்தார். அடுத்த ஆண்டு கல்கத்தாவுக்குப் போனார். அவள் 1771 வரை சென்னையில் தங்கினாள். பிறகு நடந்தது பலரும் அறிந்தது. ஜெர்மனியில் மணவிலக்கு, 1777 ஆகஸ்ட் 8-ஆம் தேதி கல்கத்தாவில் ஹேஸ்டிங்ஸுடன் திருமணம். மறுபடியும் 1777.

இவளையும் அரசி சார்லட்டையும் ஒரே தூரிகை வரைந்தது. பிராங்பர்ட் பக்கத்தில் 1733-இல் பிறந்த யோஹான் சொஃபனி, ரைன் நதிக்கரையில் டிரியர் பேராயரின் அரண்மனையில் ரொக்கோகோ சித்திர வேலை செய்து பழகியவர். 1760-இல் லண்டன் வந்தார். தன் தாய்மொழி பேசும் ஓவியரிடம் சார்லட்டுக்குப் பிரியம் இருந்ததில் வியப்பில்லை. 1765-ஐ ஒட்டி அவர் வரைந்த படத்தில் அரசி தன் ஒப்பனை மேசைக்கு முன்னால், இரண்டு மூத்த பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கிறாள். மூத்தவனுக்குக் கிரேக்கப் புராண வேஷம், இளையவனுக்குத் துருக்கி வேஷம். பின்னல் சரிகை போர்த்திய மேசை, கண்ணாடியில் அவள் பக்கவாட்டு முகம், பிள்ளை அருகில் ஒரு பெரிய நாய். ராம்சேயின் அரசிக்கு இல்லாத உயிர் இந்த அரசிக்கு இருக்கிறது. என் கணிப்பில் சார்லட்டின் ஆகச் சிறந்த படம் இது. 1783 ஜூலையில் அதே சொஃபனி சென்னையில் வந்து இறங்கினார், அங்கிருந்து கல்கத்தா. அலிப்பூர்த் தோட்டத்தில் ஹேஸ்டிங்ஸ் தம்பதியை, தொப்பியை ஏந்தி நிற்கும் ஓர் இந்தியப் பணிப்பெண்ணோடு அவர் வரைந்த படம் கல்கத்தா விக்டோரியா நினைவு மண்டபத்தில் இருக்கிறது. பணிப்பெண்ணின் முகத்தை அவர் அக்கறையாக வரைந்திருக்கிறார். படத்தின் பெயரில் அவளுக்கு இடமில்லை.

இதைப் பார்க்கும்போது எனக்குச் செங்கம் நடுகற்கள் நினைவுக்கு வருகின்றன. நம் தொடரின் தொடக்க அத்தியாயங்களில் பேசிய கற்கள். எடத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்று. கருந்தேவகத்தி என்ற வீரன் வில்லோடு நிற்கிறான். கூடவே ஒரு நாய். கோவிவன் என்று நாயின் பெயரையும் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். கள்வரைக் கடித்துக் காத்து நின்றதையும் எழுதியிருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் இந்த மலையடிவாரத்து ஊர்க்காரர்கள், ஊருக்காக நின்றவன் எவனானாலும் பெயரோடு நிற்க வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறார்கள். அதுவும் உருவப்படக் கலைதான். 1767-இல் செங்கத்திலும் திருவண்ணாமலையிலும் விழுந்த சிப்பாய்களுக்கு அப்படி ஒரு கல்லும் எழவில்லை.

சார்லட் 1818 நவம்பர் 17-ஆம் தேதி கியூ மாளிகையில் இறந்தார். பதினைந்து பிள்ளைகள் பெற்றவர். தாவரவியலில் உண்மையான ஈடுபாடு கொண்டவர். நம் பூங்காக்களில் ஆரஞ்சும் நீலமுமாகப் பறவைத் தலைபோல் பூக்கும் ஸ்ட்ரேலிட்சியாவுக்கு அவர் பிறந்த நாட்டின் பெயர்தான். ஆற்காட்டு நவாப் தந்த நகைகளை விற்று, பணத்தை நான்கு பெண்களுக்குப் பங்கிட வேண்டும் என்று உயிலில் எழுதியிருந்தார். கற்கள் அரச நகைக்காரர்களான ரண்டெல் அண்ட் பிரிட்ஜ் கைக்குப் போய், 1837-இல் ஏலத்துக்கு வந்தன. வெஸ்ட்மின்ஸ்டர் பிரபு வாங்கினார். 1930-இல் பாரிஸ் நகைக்காரர் லக்லோஷ் அவற்றை ஒரு பெரிய தலையணியில் பதித்தார். 1959-இல் அமெரிக்க வியாபாரி ஹாரி வின்ஸ்டன் 1,10,000 பவுண்டுக்கு அந்தத் தலையணியை வாங்கி, கற்களைப் பிரித்து மறுபடி பட்டை தீட்டினார். பட்டை தீட்டத் தீட்டக் கல் சிறுத்தது. 23.65 காரட்டாக இருந்த இரண்டாவது கல், 2019 ஜூனில் நியூயார்க் ஏலத்துக்கு வந்தபோது 17.21 காரட். விலை 33 லட்சம் டாலருக்கு மேல்.

நவாபின் கடன் அதைவிட நீண்ட ஆயுள் கொண்டது. வாலாஜா 1795-இல் இறந்தார். கர்நாடகம் 1801-இல் கம்பெனி வசமாயிற்று. கடன் சீட்டுகளை ஆராய 1805-இல் ஒரு குழு அமைத்தார்கள். அதன் முன் வந்த கோரிக்கைகள் 3 கோடி பவுண்டுக்கு மேல். விசாரித்து விசாரித்துக் கடைசியில் உண்மையென்று ஒப்புக்கொண்டது 27 லட்சத்துக்கும் குறைவு. பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பொய்க் கடன். அந்தப் பொய்யைக் காட்டியும் எத்தனையோ ஆண்டுகள் வரி தண்டியிருந்தார்கள்.

வைரங்கள் பரிசாகப் போனதாகச் சொல்லப்படும் ஆண்டுக்கு மூன்று ஆண்டு கழித்து, 1780 ஜூலையில், ஹைதர் அலியின் படை மறுபடியும் செங்கம் கணவாய் வழியாக இறங்கியது. சம்பளம் காணாத குதிரைப்படையும், செப்பனிடாத ஏரிகளும், கோட்டைக்கோட்டையாகக் கடனும் வைத்திருந்த ஆற்காட்டுச் சீமை அதை எப்படி எதிர்கொண்டது, செங்கத்திலும் போளூரிலும் ஆரணியிலும் என்ன நடந்தது என்பதை அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

(தொடரும்)